ஐரோப்பாவில் நால்வர்; ஊரில் ஒரு கிணறு

ஐரோப்பிய நாடுகளைப் பார்க்க விரும்பும் இலங்கையர் ஒருவர் முதலிலே செய்யவேண்டியது, தாம் ஊருக்குத் திரும்பி வருவார் என்பதை நிரூபிப்பதாகும். வங்கிக் கணக்கு, ஓய்வூதியச் சான்று, காணி உறுதி, குடும்ப விபரம் ஆகியவற்றை விசா விண்ணப்பத்துடன் சேர்த்து வைத்து, “எனக்கு ஊரிலே வேர் உண்டு, நான் அங்கே தங்கிவிடமாட்டேன்” என்று அதிகாரிகளை நம்பச்செய்தல் வேண்டும். நானும் அவ்வாறே செய்தேன். ஆனால் என் பள்ளித் தோழர் மூவர் 1980ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவை அடைந்தபோது, அவர்கள் நிரூபிக்கவேண்டியிருந்தது இதற்கு நேர்மாறான ஒன்று. தம்மால் ஊருக்குத் திரும்பிப் போக முடியாது என்பதையே அவர்கள் நிரூபித்தார்கள்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் இந்த நால்வரும் பாரிஸ் நகரில் ஒன்றுகூடினோம். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் ஒரே வாங்கிலிருந்து படித்தவர்கள் நாம். ஒருவர் பாரிஸிலும், ஒருவர் ஜேர்மனியின் ஹம் நகரிலும், ஒருவர் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலும் குடியேறிவிட்டனர். நான் ஊரிலேயே ஆசிரியத்தொழில் பார்த்து ஓய்வு பெற்றவன். அறுபது வயதைக் கடந்த பின்னராவது நால்வரும் ஒன்றாக ஒரு பிரயாணம் செய்யவேண்டும் என்பது எமது நெடுநாளைய ஆசை. பாரிஸிலிருந்து வெனிஸ் வரை பன்னிரண்டு நாட்கள், புகையிரதத்திலேயே போவதென்று திட்டம் வகுத்தோம்.

என் பெட்டியிலே புழுக்கொடியலும் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் இருந்தன. நெஞ்சிலே ஒரு செய்தியும் இருந்தது. பாரிஸ் நண்பரின் ஊர் வலிகாமம் வடக்கிலே, கீரிமலைக்கு அண்மையில் உள்ளது. 1990ஆம் ஆண்டு போர் மூண்டபோது அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய வீடுகளும் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. நண்பர் அதற்கு முன்பே நாட்டைவிட்டுச் சென்றுவிட்டார். அவருடைய தாய் தந்தையர் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார்கள். 2009இல் போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. நண்பரின் காணி இருந்த பகுதியும் விடுவிக்கப்பட்டது. அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, புறப்படுமுன் நான் அதனைப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை அவரிடம் எவ்வாறு சொல்வதென்று தெரியாமலே விமானம் ஏறினேன்.

முதல் இரவே அவர் கேட்டார்: “காணியைப் பார்த்தனியோ?”

“பார்த்தேன், மச்சான். ஆறுதலாய்ச் சொல்லுறன்” என்றேன். அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

இரு வகைச் சீட்டுகள்

பாரிஸின் வட புகையிரத நிலையத்துக்கு அண்மையில் லாச்சப்பல் என்ற பகுதி உண்டு. அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளும், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் குவிந்த கடைகளும், கொத்து ரொட்டிக் கடைகளின் தாள ஓசையும் நம்மவரை வரவேற்கின்றன. 1985ஆம் ஆண்டு தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆண்டுதோறும் கோடைக் கடைசியில் அந்த வீதிகளிலே பவனி வருகின்றது. நாம் சென்ற வேளையும் அதுவே. வீதியோரமெங்கும் குவித்திருந்த தேங்காய்கள் உடைக்கப்பட, பிரெஞ்சுக்காரர் தத்தம் மேல்மாடி யன்னல்களிலிருந்து புன்னகையுடன் பார்த்துக்கொண்டிருந்தனர். நண்பர் வடம் பிடித்தார். அவருடைய முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. செய்தியைப் பின்போட்டேன்.

மறுநாள் புகையிரதச் சீட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது ஒரு விநோதம் தெரிந்தது. ஒரே சீட்டைக்கொண்டு பல நாடுகளின் புகையிரதங்களில் ஏறிச்செல்லும் வசதி ஐரோப்பாவிலே உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்கெனச் 1959ஆம் ஆண்டு ‘யூரெயில்’ சீட்டு வந்தது. ஐரோப்பாவில் வாழ்வோருக்கெனச் 1972இல் ‘இன்ரர்ரெயில்’ சீட்டு வந்தது. தொடக்கத்தில் அது இளைஞருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. இன்று எவ்வயதினரும் பெறலாம். ஏறுவது ஒரே வண்டி. இருப்பது அருகருகான ஆசனம். எனினும் என் கையில் ஒரு சீட்டு. அவர்கள் மூவரின் கையிலும் வேறு சீட்டு. ஒரே வாங்கில் இருந்தவர்களைக் காலம் எங்கெங்கே இருத்திவிட்டது என்பதை அச்சீட்டுகளே சொல்லின.

எல்லையில் ஒரு பாலம்

பாரிஸின் கீழை நிலையத்திலிருந்து ஸ்ராஸ்பூர்க் நகருக்குச் செல்லும் விரைவு வண்டி மணிக்கு 320 கிலோமீற்றர் வரை வேகமெடுக்கின்றது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடச் சற்றுக் கூடிய தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிட்டோம். நாம் நால்வரும் புழுக்கொடியலைக் கடித்து முடிக்குமுன்னரே நகரம் வந்துவிட்டது என்றால் வாசகர்கள் நம்பவேண்டும்.

ஸ்ராஸ்பூர்க்கின் பேராலயம் செந்நிறக் கல்லாலானது. 142 மீற்றர் உயரமுடையது. 1647ஆம் ஆண்டு முதல் 1874ஆம் ஆண்டு வரை உலகின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே. ஆனால் அந்நகரின் சரித்திரமே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. 1871இல் அது ஜேர்மனியின் வசமாயிற்று. 1918இல் பிரான்சுக்கு வந்தது. 1940இல் மீண்டும் ஜேர்மனியர் கைப்பற்றினர். 1944இல் மறுபடியும் பிரான்சுக்கு மீண்டது. நீண்ட ஆயுள் பெற்ற கிழவி ஒருத்தி, தன் அடுப்படியைவிட்டு ஓரடியும் நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள்.

“அவர்கள் வீடு மாறாமல் நாடு மாறினார்கள், எங்கட சனம் நாடு மாறாமலே வீடு மாறினது” என்றார் பாரிஸ் நண்பர். 1990இல் மூட்டை முடிச்சுடன் தெற்கு நோக்கி நடந்த தம் பெற்றோரையே அவர் நினைத்துக்கொண்டார் என்பது எமக்குத் தெரிந்தது.

றைன் நதியின் இக்கரை பிரான்ஸ், அக்கரை ஜேர்மனி. ஒரு காலத்தில் பீரங்கிகள் ஒன்றையொன்று பார்த்து நின்ற கரைகள் அவை. 2004ஆம் ஆண்டு அவ்விரு கரைகளையும் இணைத்து நடைபாலம் ஒன்று கட்டினார்கள். 2017 முதல் நகரின் ட்ராம் வண்டியும் ஆற்றைக் கடந்து ஜேர்மனியின் கேல் நகருக்குச் செல்கின்றது. நாம் நடைபாலத்தில் நடந்தோம். எங்கே ஒரு நாடு முடிந்தது, எங்கே மற்றது தொடங்கியது என்று தெரியவில்லை. சாமான் வாங்கிய பைகளுடன் பெண்கள் சாவதானமாகக் கடந்து சென்றனர்.

பாலத்தின் நடுவிலே நின்று ஹம் நண்பர் தம் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொன்னார். அந்நகரின் காமாட்சி அம்பாள் ஆலயம் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது. தொழிற்சாலைகளுக்கு நடுவே இராசகோபுரத்துடன் நிற்கும் அக்கோயிலின் தீர்த்தோற்சவம், சரக்குத் தோணிகள் செல்லும் கால்வாயில் நடைபெறுகின்றது. “கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தண்ணியிலை காலை வைப்பன். ஒரு நிமிஷம் கீரிமலை. கண் திறந்தால் கால்வாய்” என்று அவர் சிரித்தார். பாரிஸ் நண்பர் சிரிக்கவில்லை. கீரிமலை அவருடைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

வீடும் ஊரும்

பாசல் நகரைக் கடந்து பேர்ண் வந்தோம். ஆரே நதி மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவிலே மேட்டில் அமைந்த பழைய நகரம் அது. ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் நீளத்துக்குக் கூரையிட்ட நடைபாதைகள் உள்ளன. மழை பெய்தாலும் நனையாமல் கடை கடையாகப் போகலாம். 1983ஆம் ஆண்டு அப்பழைய நகரம் உலக மரபுரிமைச் சொத்தாயிற்று.

பேர்ண் நண்பர் எம்மை அழைத்துச் சென்று பெருமையுடன் காட்டிய இடம் வேறு. 2014 மார்கழியில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லம் என்னும் கட்டடம் அது. ஒரே கூரையின் கீழே இந்துக் கோயிலும் பௌத்தருக்கான இடமும் பள்ளிவாசலும் கிறித்தவருக்கான தேவாலயமும் அலெவி சமயத்தாருக்கான இடமும் அமைந்துள்ளன. கோயிலுக்குள் நுழைந்ததும் விபூதியும் கற்பூரமும் மணந்தன. இந்நாட்டுக்கு வந்த புதிதில் இரவு பகலாக உணவுச்சாலையிலே கோப்பை கழுவியவர் இந்த நண்பர். இன்று அவர் பேரப்பிள்ளைகளுடன் அங்கே கும்பிட்டு நிற்கின்றார்.

அன்றிரவு அவர் வீட்டிலே பிட்டும் சம்பலும் உண்டோம். ஏழு வயதுப் பேத்தி என்னைக் கேட்டாள்: “நீங்கள் எப்ப வீட்டை போவீங்கள்?” “இன்னும் எட்டு நாளிலே, குஞ்சு” என்றேன். அவள் பாரிஸ் நண்பரிடம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டாள். அவரும் “எட்டு நாளிலே” என்றார். பின்பு அவள் உறங்கப் போனதும், “இரண்டு பேரும் எட்டு நாள் எண்டுதான் சொன்னம். ஆனால் ஒரே இடத்தைச் சொல்லேல்லை” என்றார்.

பேர்ண் நண்பர் சற்று யோசித்தார். “எனக்கு வீடு இங்கை; ஊர் அங்கை. இரண்டும் ஒண்டாய் இருக்கவேணும் எண்டு நினைக்கிறதை நான் எப்பவோ விட்டிட்டன்” என்றார். தமிழிலே வீடு என்பது ஒரு சொல். ஊர் என்பது வேறு ஒரு சொல். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை என்னைப் போன்றவர்கள் உணர்வதில்லை. எமக்கு அவை ஒரே படலையின் இரு பக்கங்கள்.

லுசேர்ன் நகரிலே மரத்தாலான பழைய பாலம் ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்டது; கூரையின் உட்புறத்தில் வரிசையாக ஓவியங்கள் கொண்டது. 1993 ஆவணியில் ஒருநாள் இரவு அது தீப்பற்றியது. ஓவியங்களிற் பெரும்பகுதி அழிந்தன. அடுத்த ஆண்டே பாலத்தைத் திருத்திக் கட்டித் திறந்துவிட்டனர். ஆனால் அழிந்த ஓவியங்கள் அழிந்தவையே. அதைப் பார்த்து நின்றபோது நால்வருக்கும் ஒரே நினைவு: 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்த எமது யாழ்ப்பாணப் பொது நூலகம். அதுவும் பின்னர் மீளக் கட்டப்பட்டது. மாணவப் பருவத்தில் நால்வரும் சென்று வாசித்த மண்டபம் அது. கட்டடம் எழுப்பலாம், அன்று வாசித்த ஏட்டுப் பிரதியைத் திருப்பி எழுப்புதல் எவ்வாறு? அங்கிருந்து நடந்தபோது, அழிந்ததைப் பற்றிய உண்மையை நண்பரிடமிருந்து இனியும் மறைப்பது நட்பாகாது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

மும்முறை தோன்றிய தேவாலயம்

கொத்தார்ட் மலையைத் துளைத்து இத்தாலிக்குச் செல்லப் புகையிரதத்துக்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் அடிவாரச் சுரங்கம். உலகிலேயே மிக நீண்ட புகையிரதச் சுரங்கம் அது. மற்றது 1882இல் திறக்கப்பட்ட பழைய மலைவழி. அவசரமில்லாத நாம் பழைய வழியையே தெரிந்தெடுத்தோம்.

மலையேறும் பாதை செங்குத்தாய் இருத்தலாகாது என்பதற்காக, அதனை மலைக்குள்ளேயே வளைத்து வளைத்து அமைத்தனர் அக்கால எந்திரிகள். அதனால் வாசன் என்னும் சிற்றூரின் வெண்ணிறத் தேவாலயம் பயணிகளுக்கு மும்முறை தோன்றுகின்றது. முதலில் தலைக்கு மேலே; சுரங்கத்துள் புகுந்து வெளிவந்தால் கண்ணுக்கு நேரே; மறுபடி புகுந்து வெளிவந்தால் காலடியில், விளையாட்டுப் பொருள்போல.

இரண்டாம் முறை தேவாலயம் தோன்றியபோது பாரிஸ் நண்பர் என் பக்கம் திரும்பினார். “இனிச் சொல்லு” என்றார்.

“வீடு இல்லை, மச்சான். சுவரும் இல்லை. அத்திவாரத்திலே ஒரு மூலை மட்டும் தெரியுது. பின்வளவுப் பனையிலை இரண்டு நிக்குது.”

“கிணறு?”

“கிணறு கிடக்குது. கட்டு இடிஞ்சுபோச்சு. உள்ளே கல்லும் குப்பையும். ஒரு ஆலங்கண்டு முளைச்சிருக்கு.”

தேவாலயம் மூன்றாம் முறை, கீழே, தோன்றி மறைந்தது. வண்டி பெரிய சுரங்கத்துள் நுழைந்தது. பதினைந்து கிலோமீற்றர் இருள். அச்சுரங்கத்தை அமைக்கும் பணியில் ஏறத்தாழ இருநூறு தொழிலாளர் உயிரிழந்தனர். பணியைப் பொறுப்பேற்ற லூயி ஃபாவர் என்பவரும் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டு இரு பக்கத்தாரும் துளைத்துச் சந்தித்தபோது, அத்துளையினூடாக முதன்முதலில் அனுப்பப்பட்டது அவருடைய படமே என்பர். அக்கரை சேராதவரை அவருடைய தோழர்கள் படமாகவேனும் சேர்த்துவைத்தனர்.

வெளிச்சம் வந்தது. அறிவிப்புப் பலகைகள் ஜேர்மன் மொழியிலிருந்து இத்தாலிய மொழிக்கு மாறியிருந்தன. நண்பர் வெகுநேரம் யன்னலையே பார்த்திருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“தண்ணி தெரிஞ்சுதோ?”

“தெரியேல்லை. இடுக்காலை ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தன். சத்தம் கேட்டுது.”

அவர் தலையை ஆட்டினார். “நல்ல தண்ணிக் கிணறு அது. அயலெல்லாம் எங்களிட்டைத்தான் அள்ளும்” என்றார். மிலான் வரும்வரை அந்தக் கிணற்றைப் பற்றியே பேசினார். துலாவில் ஏறி நடந்த பாட்டனாரைச் சொன்னார். மார்கழிக் குளிரில் முதல் வாளியைத் தலையில் ஊற்றியதைச் சொன்னார். கிணற்றடி வாழையைச் சொன்னார். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உப்புநீர் நடுவே நன்னீர்

வெனிஸ் நகருக்குப் புகையிரதம் கடலேரியின் மேலாகவே செல்கின்றது. 1846ஆம் ஆண்டு அப்பாலம் திறக்கப்படும்வரை அந்நகரை அடையத் தோணியன்றி வழியில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வீதிக்குப் பதிலாக நீர். அண்மைக்காலத்தில் கடல் பொங்கி நகருக்குள் ஏறுவது அடிக்கடி நிகழ்ந்தமையால், கடல்வாய்களில் எழுந்து நின்று நீரைத் தடுக்கும் கதவுகளை அமைத்து, 2020 முதல் பயன்படுத்தி வருகின்றனர்.

பிரயாணிகள் யாவரும் புகழ்பெற்ற மாளிகைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்க, எமது பாரிஸ் நண்பரோ சிறு சதுக்கமொன்றின் நடுவே நின்ற கல்லொன்றின் அருகே நின்றுவிட்டார். அது ஒரு கிணற்றின் வாய். வெனிஸிலே இத்தகைய கிணற்று வாய்கள் சதுக்கந்தோறும் உள்ளன.

சுற்றிலும் உப்புநீர், மண்ணைத் தோண்டினாலும் உப்புநீர். அவ்வாறிருக்க அந்நகர மக்கள் பல நூற்றாண்டுகளாகக் குடித்தது எதை? மழைநீரை. சதுக்கத்தைத் தோண்டிக் களிமண்ணால் உட்புறம் பூசி, மணலால் நிரப்பி, நடுவிலே கிணற்றை அமைத்தனர். சதுக்கத்தில் விழும் மழைநீர் மணலினூடாக வடிந்து சுத்தமாகிக் கிணற்றில் ஊறும். களிமண் உப்புநீரை உள்ளே வரவிடாது. 1884இல் தலைநிலத்திலிருந்து குழாய்நீர் வந்தபின் அக்கிணறுகள் மூடப்பட்டன. எனினும் அவற்றின் வாய்கள் பல இன்றும் நிற்கின்றன.

எமது யாழ்ப்பாணத்தின் நிலையும் இதற்கு வெகுதூரமானதன்று. ஆறில்லாத நாடு எமது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேலே நன்னீராக மிதந்து நிற்கின்றது. அளவோடு அள்ளினால் நன்னீர். பேராசையோடு இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். வெனிஸ் மக்கள் களிமண்ணால் செய்ததை எமக்கு இயற்கை கல்லால் செய்து தந்திருக்கின்றது. காப்பது மட்டுமே எமது கடமை.

இதை நான் ஆசிரியப் பழக்கத்தால் விரித்துரைத்துக்கொண்டிருக்க, நண்பர் கிணற்று வாயின் இரும்பு மூடியைத் தட்டிப் பார்த்தார்.

“கலக்கி இறைக்க எத்தினை பேர் வேணும்?” என்றார்.

எனக்குச் சற்று நேரம் விளங்கவில்லை.

“ஆடியிலை தண்ணி வத்தியிருக்கும். அப்ப வந்தால் லேசு. கல்லை எடுக்க நாலு பொடியள், சேறு அள்ள இரண்டு பேர்... வீடு பிறகு பாப்பம். போய் இறங்க ஒரு இடம் இல்லையெண்டுதான் இவ்வளவு காலமும் வராமல் இருந்தன். கிணறு இருக்கெல்லோ.”

ஹம் நண்பரும் பேர்ண் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்தனர். “நாலு பொடியளிலை இரண்டு பேர் இங்கை நிக்கிறம்” என்றார் ஹம் நண்பர். அறுபதைத் தாண்டிய அந்தப் பொடியன்களைப் பார்த்து நால்வரும் சிரித்த சிரிப்பில் சதுக்கத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

ஊர்

அதன்பின் எனக்கு ஐரோப்பாவில் மனம் நிற்கவில்லை. பார்த்தவை யாவும் அழகியவை. அவற்றிலே எதனையும் நான் குறைத்துச் சொல்லேன். ஆயினும் கடைசி மூன்று நாளும் விரல்விட்டு நாளெண்ணினேன். காலையில் எழுந்ததும் ஊரிலே இப்போது மணி என்ன என்று கணக்கிட்டேன். அங்கே கோடையில் விடிகாலை நாலரை மணியென்றால் இங்கே எட்டு மணி. பாடசாலை மணி அடித்திருக்கும். முற்றத்தில் வெயில் விழுந்திருக்கும். ஊருக்குத் திரும்பும் ஆசை பிரயாணத்தைக் கெடுப்பதில்லை. அதற்கு உப்பாக அமைகின்றது. திரும்பிச் செல்ல இடமில்லாதவனுக்கு அழகிய நகரமும் மற்றுமொரு தங்குமிடமே. இந்த உண்மையை என் நண்பர்கள் நாற்பது ஆண்டுகள் சொல்லாமலே சுமந்திருக்கின்றார்கள்.

விமானநிலையத்தில் விடைபெறும்போது பாரிஸ் நண்பர் ஒரு தபாலுறையைத் தந்தார். உள்ளே அவருடைய தந்தையாரின் காணி உறுதியின் பிரதி இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டிய மூலப்பத்திரத்தின் அடையாளம் பிரதியிலும் தெரிந்தது. விசாவுக்காக என் காணி உறுதியை அதிகாரிகளிடம் நான் கொடுத்தது நினைவுக்கு வந்தது. இப்போது பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடையவராதலால், தம் ஊருக்கு வர அவரும் விசா எடுத்தே வரவேண்டும். வாழ்க்கை இப்படியும் பக்கம் மாறுகின்றது.

கட்டுநாயக்காவில் இறங்கி இரவு பஸ்வண்டியில் ஏறினேன். விடியற்காலையில் ஆனையிறவின் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது நித்திரை கலைந்தது. வீட்டுக்கு வந்து தேநீர் குடித்ததும், மனைவி தடுத்தும் கேளாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு வலிகாமம் வடக்கை நோக்கி மிதித்தேன். ஆலங்கன்று இன்னும் ஓரிலை கூடுதலாய் விட்டிருந்தது. அதை வேரோடு பிடுங்கி, வெளியே ஈரமான இடம் பார்த்து நட்டுவிட்டேன். அதுவும் வேர் பிடித்த உயிரன்றோ. பின்பு ஒரு கல்லை எடுத்து இடுக்கினூடே போட்டேன்.

சத்தம் கேட்டது.

ஆடி மாதம் வரட்டும். கப்பியும் கயிறும் வாங்கி வைத்திருக்கின்றேன்.